மூக்கு ஒவ்வாமையும் அதன் அளவுகோலும்

ஒரு நோயின் கடுமையை அளந்து கூறவல்ல சான்றினை உடலிலே தேடுதல் நவீன மருத்துவத்தின் பெருமுயற்சிகளுள் ஒன்றாகும். மூக்கு ஒவ்வாமையைப் பொறுத்தவரை அத்தேடல் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது.

1819ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் யோன் பொஸ்ரொக், மருத்துவ, சத்திரசிகிச்சைச் சங்கத்தின் முன் நோயாளி ஒருவரின் வரலாற்றை வாசித்தார். எட்டு வயது முதலாக ஆண்டுதோறும் கோடையிலே கண்ணரிப்பாலும் தும்மலாலும் மூச்சு முட்டலாலும் வருந்திய அந்நோயாளி அவரேயாவார். 1828இல் மேலும் 28 பேரின் நிலையை அவர் எடுத்துரைத்தார். எனினும், கோடை வெப்பமே காரணமென அவர் கருதினார். இக்கருத்தை மாற்றியவர் மன்செஸ்டர் மருத்துவர் சாள்ஸ் பிளக்லி. இவரும் அந்நோயால் வருந்தியவரே. தமது தோலைக் கீறிப் புல்லின் மகரந்தத்தை இட்டு, அவ்விடம் தடிப்பதைக் கண்டார். பட்டம் ஏற்றி, உயர்ந்த வானிலும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். அவரது நூல் 1873இல் வெளிவந்தது.

1906இல் வியன்னாவைச் சேர்ந்த பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். 1921இல் பிரெஸ்லோ நகரில் பிரவுஸ்னிற்ஸ், மீன் ஒவ்வாத தம் சகா கூஸ்ற்னரின் குருதித் தெளிநீரைத் தமது தோலினுள் ஏற்றி, மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார். தோல் தடித்தது. ஒவ்வாமைக்குரிய பொருளொன்று குருதியில் உண்டென்பது இதனால் உறுதியாயிற்று. அப்பொருள் யாதென 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தனர். சுவீடனில் யொஹான்சன், பெனிக் ஆகியோர் தனித்து ஆராய்ந்து 1967இல் அதே முடிவை எய்தினர். 1968இல் அப்பிறபொருளெதிரிக்கு 'இமியூனோகுளோபியூலின் ஈ' எனப் பெயரிடப்பட்டது.

குருதியிலே அதன் அளவைக் கணிக்க வழி பிறந்தமையால், நோயின் கடுமையும் கணிக்கப்பட்டுவிடும் என எண்ணத் தோன்றும். அனுபவமோ வேறாக அமைந்தது. அவ்வளவு மிகுந்தும் துன்பமின்றி வாழ்வோர் உளர். குறைந்திருந்தும் உறக்கமிழந்து வருந்துவோர் உளர். குருதியிலும் தோற்சோதனையிலும் தென்படாது, மூக்கின் சவ்விலே மாத்திரம் அப்பொருள் காணப்படும் நோயாளரும் உளர். ஆதலின் இன்றும் மருத்துவர் தும்மல், நீரொழுக்கு, மூக்கடைப்பு, உறக்கம் என்பன பற்றி நோயாளியையே வினவிப் புள்ளியிட்டுக் கடுமையை மதிப்பிடுகின்றனர்.

குருதியின் அளவு எதற்கு ஒவ்வாமை என்பதை அறியத் துணைபுரிகின்றது. எவ்வளவு துன்பம் என்பதை நோயாளியே சொல்லவேண்டியுள்ளது. சோதனைத்தாளில் எண் சிறிதாயிருப்பது கண்டு ஒருவரின் வருத்தத்தைப் பொய்யெனத் தள்ளுதல் தகாது. பொஸ்ரொக்கும் பிளக்லியும் தம் துன்பத்தையே சான்றாக முன்வைத்தமையாலன்றோ இவ்வாய்வு தொடங்கிற்று!