கணக்கெடுப்பும் கேள்வியும்: கிராம புனருத்தாரணத்தில் தேவையறிதல் வளர்ந்த வரலாறு

1915-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலைக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறு ஆண்டே தம் மாணவர்களிடம் நீண்டதொரு வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குச் சென்று நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து வரச் செய்தார். தென்னாற்காடு ஜில்லா இருவேல்பட்டு முதலிய ஊர்களின் நிலையை விளக்கும் அவ்விவரங்கள் 1918-இல் நூலாயின. அம்முயற்சியின் அருமையை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் ஊரில் என்ன இருக்கிறது என்பதை அறிவதே அதன் நோக்கமாயிருந்ததன்றி, ஊராருக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்து ஒரு காரியத்தைத் தொடங்குவதன்று.

காரியத்தில் இறங்கியவர்களோ கேட்கவேயில்லை. 1920-களில் பஞ்சாபின் குர்கான் ஜில்லாவை நிர்வகித்த எப். எல். பிரெய்ன், எருக்குழி, இரும்புக் கலப்பை, வீட்டுக்குச் சாளரம், பெண்கல்வி என்று தாமே தீர்மானித்தவற்றை அயராத சிரத்தையுடன் பரப்பினார். அவற்றுள் பல நல்லவையே. ஆயினும் அவர் மாற்றலாகிச் சென்றபின் அவ்வேலையின் பெரும்பகுதி தேய்ந்து மறைந்தது. உத்தியோகஸ்தரின் விருப்பமாக நுழைந்தது ஊரின் தேவையாக வேரூன்றவில்லை.

தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்காய்வு பயின்ற ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் தூண்டுதலால் 1929-இல் குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் கேடா ஜில்லாவின் மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களின் வரவுசெலவை ஆராயப் புகுந்தார். அக்கணக்கு குடியானவனின் வருமானத்தை நிலவரியின் பாரத்தோடு வைத்து நோக்கியமையால், ஆராய்ச்சி முதன்முறையாகக் குடியானவனின் பக்கம் நின்று பேசிற்று என்பது என் அபிப்பிராயம்.

கேள்வியையே தொடக்கமாகக் கொண்ட முயற்சி 1948-இல் உத்தரப் பிரதேசத்து எட்டாவா ஜில்லாவில், மஹேவாவை மையமாகக் கொண்டு 64 கிராமங்களில் எழுந்தது. யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்து, பின் நேருவின் நட்பைப் பெற்ற அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் ஆல்பர்ட் மேயர், இலாகாவுக்கு ஒருவராகப் பலர் வந்து போவதை விடுத்து, நாலைந்து ஊர்களுக்கு ஒரு கிராமசேவகர் என அமர்த்தி, ஜனங்கள் தாமே உணர்ந்த குறையிலிருந்து வேலை தொடங்க வேண்டுமென்றார். பஞ்சாப் 591 என்னும் கோதுமை விதை குடியானவர்களின் சொந்த வயல்களிலேயே விதைத்துக் காட்டப்பட்டது. பக்கத்து வயலின் விளைச்சலைக் கண்ணாரக் கண்டவனுக்கு வேறு உபதேசம் எதற்கு?

ஆனால் கேட்கப்பட்டவர் யார் என்னும் வினா அங்கேயே பிறந்துவிட்டது. வயல் உடையவனிடம் வயலைப் பற்றிக் கேட்கலாம். நிலமற்ற கூலியாளும், சபையில் வாய் திறக்க இடமற்ற பெண்ணும் தங்கள் குறையை எந்த வயலில் காட்டுவார்கள்? 1952 அக்டோபர் 2-இல் 55 இடங்களில் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதனை மதிப்பிடத் திட்டக் கமிஷனின் கீழ் ஏற்பட்ட ஸ்தாபனம், நலன்கள் வசதியுள்ள ஊர்களையும் பெரிய விவசாயிகளையுமே அதிகமாகச் சென்றடைந்தன என்று எடுத்துக் காட்டிற்று. தேவையை விசாரிப்பவன் ஊர்ப் பெரியவரின் திண்ணையிலேயே தங்கிவிட்டால், அத்திண்ணையின் தேவையே ஊரின் தேவையாக ஏட்டில் ஏறும்.

ஜனங்களின் முன்முயற்சியை இத்திட்டம் எழுப்பத் தவறியதென்று 1957-இல் கண்ட பல்வந்த்ராய் மேத்தா குழு, இன்னும் நுட்பமான வினாப்பட்டியலைத் தேடவில்லை. தேவையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் அதற்கான பொருளையும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அமைப்புகளிடமே ஒப்படைக்கச் சொல்லிற்று. 1959 அக்டோபர் 2-இல் ராஜஸ்தானத்து நாகௌரில் நேரு அவ்வேற்பாட்டைத் தொடங்கி வைத்தார்.