விலக்கமும் மறுநுழைவும்: ஆப்கன் மகளிர் உரிமையில் விளையாட்டுத் தடையின் இடம்

பெண்களை ஒடுக்கும் நாடுகளை விளையாட்டரங்கிலிருந்து விலக்குவதை ஆதரிப்போர் தவறாமல் காட்டும் முன்னுதாரணம் தென்னாப்பிரிக்கா. 1964 ஒலிம்பிக்கில் இடம் மறுக்கப்பட்டு, 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்ட அந்நாடு 1992இல்தான் திரும்பியது. ஆனால் ரக்பியும் கிரிக்கெட்டும் அங்கே ஆளும் வெள்ளையரின் தன்மதிப்போடு பிணைந்திருந்தன. விலக்கத்தைக் கோரியவர்களில் ஒடுக்கப்பட்டோரின் விளையாட்டு அமைப்புகளே முன்நின்றன. ஆளுவோருக்கு அத்தகைய பற்று இல்லாத இடத்தில் தடை என்ன சாதிக்கும்?

ஆப்கானிஸ்தான் அதற்கு ஏற்கெனவே ஒரு விடை தந்திருக்கிறது. 1999இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அந்நாட்டை இடைநீக்கம் செய்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. தலிபான் ஒரு விதியையும் தளர்த்தவில்லை. அவர்கள் ஆட்சி 2001இல் வீழ்ந்ததற்குக் காரணம் போர். எனினும் 2003இல் தடை நீங்கி, 2004 ஏதென்ஸில் ராபினா முகிம்யார் ஓட்டத்திலும் ஃபிரிபா ரெஸாயி ஜூடோவிலும் களமிறங்கினர். ஒலிம்பிக்கில் ஆப்கன் பெண்கள் போட்டியிட்டது அதுவே முதன்முறை. பெண்களை ஒதுக்கியதும் ஒரு காரணமாக வந்த விலக்கம் என்பதால், ஆண்களை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்புவது புதிய நிர்வாகத்துக்கு எளிதாக இருந்திருக்காது. தடையின் விசை, தடை நீடித்த ஆண்டுகளைவிட அது நீங்கும் தறுவாயில்தான் செயல்பட்டது என்பதே என் வாதம்.

ஈரானில் இதே விசை மிரட்டல் வடிவில் இயங்கியது. கால்பந்து ஆட்டம் பார்க்க ஆண் வேடத்தில் அரங்கத்துக்குள் நுழைய முயன்று கைதான சஹர் கொடயாரி, சிறைத் தண்டனைக்கு அஞ்சித் தீக்குளித்து 2019 செப்டம்பரில் இறந்தார். பெண்களை அரங்கில் அனுமதிக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நெருக்கியது. அக்டோபர் 10 அன்று கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டெஹ்ரானின் ஆசாதி அரங்கில் சுமார் 3,500 பெண்கள் டிக்கெட் வாங்கி அமர்ந்தனர். 2022 மார்ச்சில் மஷ்ஹதில் லெபனானுடன் நடந்த ஆட்டத்திலோ, டிக்கெட் வைத்திருந்த பெண்களே வாசலில் தடுக்கப்பட்டு, மிளகுத் தெளிப்பானுக்கு ஆளாயினர். நிபந்தனை திட்டவட்டமாக இருந்ததால் பலன் கிட்டியது. கண்காணிப்பு தளர்ந்ததும் அது நழுவியது.

கிரிக்கெட்டில் நிபந்தனை ஏட்டளவில் உண்டு. பன்னாட்டு கிரிக்கெட் மன்றமான ஐசிசியின் முழு உறுப்பு நாடு மகளிர் அணியைப் பேண வேண்டும். 2017இல் அந்தத் தகுதியைப் பெற்ற ஆப்கன் வாரியம் 2020 நவம்பரில் 25 வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் அளித்தது. 2021 ஆகஸ்டில் தலிபான் திரும்பியதும் அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்தனர். ஐசிசி ஆப்கன் வாரியத்தை இடைநீக்கம் செய்யவில்லை. நிதிப் பங்கும் நிற்கவில்லை. ஆஸ்திரேலியா இருதரப்புத் தொடர்களைக் கைவிட்டது. ஆனால் அதே அணியோடு 2023இல் மும்பையிலும் 2024இல் கிங்ஸ்டவுனிலும் உலகக் கோப்பையில் மோதியது. கோப்பை வாய்ப்பு பறிபோகாத இடத்தில் மட்டும் காட்டப்படும் எதிர்ப்பை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அதற்காக ஆண்கள் அணியை விலக்கச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டபோது, 2024 டிசம்பரில் அவ்வணியின் ரஷீத் கானும் முகமது நபியும் வெளிப்படையாகக் கண்டித்தனர். ஆப்கன் மக்கள் செவிகொடுக்கும் மிகச் சில குரல்களில் அவையும் அடங்கும். அவற்றை அடைப்பதால் தலிபானுக்கே ஆதாயம்.

பாரிஸ் ஒலிம்பிக் வேறொரு வழியைக் காட்டியது. தலிபான் அதிகாரிகளை ஏற்காமல், மூன்று பெண்களும் மூன்று ஆண்களும் கொண்ட ஆப்கன் அணியை ஒலிம்பிக் குழு அனுமதித்தது. 100 மீட்டர் முதல்கட்ட ஓட்டத்தில் கிமியா யூசுஃபி 13.42 விநாடிகளில் கடைசியாக வந்தார். மார்பிலிருந்த எண் அட்டையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார்: கல்வி, விளையாட்டு, எங்கள் உரிமை என்று அதன் பின்புறம் கையால் எழுதியிருந்தது. ஆட்சி அனுப்பாமலேயே ஒருவர் நாட்டின் பெயரில் ஓட முடிந்தது.

கிரிக்கெட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. தேசிய அணி என்ற தகுதி வாரியத்தின் வழியாகவே வர வேண்டும். 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னின் ஜங்ஷன் ஓவலில் தஞ்சமடைந்த வீராங்கனைகள் ஒன்றாக ஆடியபோது, அது பன்னாட்டு ஆட்டமாகக் கணக்கில் ஏறவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் ஐசிசி அவர்களுக்கு உதவித் திட்டம் அறிவித்தது. அங்கீகாரம் அதில் இல்லை. மகளிர் கிரிக்கெட்டுக்குரிய பங்கை ஆப்கன் வாரியத்துக்குச் செல்லும் நிதியிலிருந்து பிரித்துத் தஞ்சமடைந்தோரின் அணிக்கு அளிப்பதும், வாரியத்தின் இசைவைக் கேளாமல் அவ்வணியைத் தகுதிச் சுற்றுகளில் சேர்ப்பதும் ஐசிசி தன் விதிகளைத் திருத்தினாலே நடக்கக்கூடியவை. அதற்குக் காபூலின் கையொப்பம் தேவையில்லை.