துணியில் பேசிய பழமொழிகள்

நான் பத்தாவது வரை படித்தவள். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ராஜா ராணி கதை எல்லாரும் எழுதுவாங்க. நான் ஆப்பிரிக்கப் பெண்களின் பழமொழிகளைப் பற்றி எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் கென்யா, தான்சானியா நாடுகள் இருக்கின்றன. அங்கே சுவாஹிலி பேசும் பெண்கள் 'காங்கா' என்ற பருத்தித் துணி உடுத்துகிறார்கள். அது ஜோடியாகத்தான் விற்கும். ஒன்றை உடம்பில் சுற்றி, இன்னொன்றைத் தலையோடு போர்த்திக்கொள்வார்கள். பிள்ளையை முதுகில் கட்டுவதும் அதில்தான். நாலு பக்கமும் கரை, நடுவில் பூ வேலை, அதற்குக் கீழே ஒரு வரி எழுத்து. அந்த வரி பல துணிகளில் பழமொழியாக இருக்கும்.

இந்தத் துணிக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. அங்குள்ள சான்சிபார் தீவில் ஆண், பெண், குழந்தை என்று மனிதர்களையே ஆடு மாடு போல சந்தையில் விற்றார்கள். 1873-ல் அந்தச் சந்தை மூடப்பட்டது. 1897-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அடிமைப் பெண்கள் கட்டியது வெறும் வெள்ளைத் துணி, இல்லாவிட்டால் கருநீலத் துணி. விடுதலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டு, வண்ணக் காங்கா வாங்கிக் கட்டினார்கள். இனி நான் யாருக்கும் அடிமை இல்லை என்று வாய் திறக்காமலே ஊருக்குச் சொன்னார்கள்.

வாயால் சொன்னால் சண்டை வரும் என்கிற விஷயத்தையும் துணியே சொல்லிவிடும். பொருத்தமான பழமொழி உள்ள காங்காவைக் கட்டிக்கொண்டு எதிரில் நடந்தால் போதும். புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்.

சில சுவாஹிலிப் பழமொழிகளைச் சொல்கிறேன். 'கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் படி நிறையும்.' இது நம்ம சேமிப்புக்கே சொன்ன மாதிரி இருக்கு. 'அவசரம் அவசரம் என்றால் அதில் பரக்கத் இல்லை.' பரக்கத் என்றால் இறைவன் அருள். கடன் வாங்கும் முன்னே இதை நினைக்கணும். 'ஒத்த விரலால் பேன் குத்த முடியாது.' இதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பேன் பார்த்த கைக்குத்தானே இது தெரியும்!

ஆனால் ஒரு பழமொழி என்னைச் சிரிக்க விடவில்லை. 'யானைகள் சண்டை போட்டால் புல்லுக்குத்தான் வலி.' ஒரு சமயம் எங்கள் குழுவில் ஊக்குநரும் பிரதிநிதியும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடாததால் உள்கடன் நின்றுபோனது. ஒரு அக்கா மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட முடியாமல் தோட்டை அடகு வைத்தார். எனக்கும் எல்லாம் தெரியும். கூட்டத்தில் எழுந்து சொல்லத் தைரியம் இல்லை. பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு என்னிடம் ஒரு காங்கா இருந்திருந்தால் அந்த யானைப் பழமொழியைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். அடிமையாக இருந்த பெண்களே பேச ஒரு வழி கண்டார்கள். நமக்குக் கூட்டம் இருக்கு, தீர்மான நோட்டு இருக்கு, வாயும் இருக்கு. இனி பாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுவோம், சகோதரிகளே.