பாய் மறந்த கரை

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. முல்லைத்தீவுக் கரையில இருந்தவைக்கு மண்ணெண்ணெய்தான் பெரிய பிரச்சினை. சின்னப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் ஓடுவது அதில்தான். மாதக்கணக்கில் அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பிறகு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த விலை ஒரே அடியில் 340 ரூபாவானது. படகுகள் மணலில் கிடந்தன.

வடிவா யோசிச்சுப் பாருங்கோ. அது சோழகக் காலம், முல்லைத்தீவுப் பக்கம் கடல் தொழிலுக்கு இடம் கொடுக்கிற மாதங்கள். கடல் இருந்தது, மீன் இருந்தது, படகு இருந்தது, காற்றும் இருந்தது. பெரும்பாலான படகுகளில் பாய்தான் இல்லை. பாயைத் தாங்குகிற மாதிரி அந்தப் படகுகள் செய்யப்படவும் இல்லை. ஒரு காலத்தில் காற்றை மட்டும் நம்பிக் கடலுக்குப் போன சனம் எப்படி இந்த நிலைக்கு வந்தது?

வன்னிக்கு இரண்டு கடல் இருக்கிறது. கிழக்கே முல்லைத்தீவு. மேற்கே பூநகரி, நாச்சிக்குடா. இரண்டுக்கும் நடுவில் கடலே பார்க்காத வவுனியா. தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும்போது மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் கதை தலைகீழ். அதனால்தான் இந்தத் தீவின் மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் கரை மாறி, வாடி போட்டுத் தொழில் செய்தார்கள். காற்றுதான் கலண்டர்.

அந்தக் கலண்டரில் கோயிலும் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வரும். அதற்கு முன்னம் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றுவார்கள். வாடைக் கடலில் போய் யாரும் தீர்த்தம் எடுக்கேலாது. கடல் அடங்கிய பருவத்தில் திருவிழா வருவதைத் தற்செயல் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் காற்றறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் வடமராட்சியில் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். சின்னப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர் அவர். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று அதை ஓட்டிக்கொண்டுபோய், 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாங்கள் வழக்கமாக நிறுத்திவிடுவோம். அந்த மாலுமிகள் எங்கே படித்தார்கள் என்று கேட்பதில்லை. பாய் தைக்கவும், கயிறு முறுக்கவும், மேகத்தின் நிறம் பார்த்துப் பாயைச் சுருக்கவும் சின்ன வயதிலேயே தண்டையலுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர்கள் அவர்கள். அதற்குப் பள்ளிக்கூடமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒரு தலைமுறை சொல்லிக் கொடுக்காமல் விட்டால் அதோடு முடிந்தது.

பிறகு எஞ்சின் வந்தது. 1950களின் கடைசியில் அரசாங்கம் இயந்திரப் படகுகளைத் தவணைக்கும் மானியத்துக்கும் கொடுக்கத் தொடங்கியது. 1967இல் காரைநகரில் ‘சீநோர்’ திட்டம் வந்தது. நோர்வேக்குப் போன முதல் தமிழர் என்று சொல்லப்படும் அன்ரனி இராஜேந்திரம் அங்கே சேர்த்த ஆதரவில் உருவானது அது. ஃபைபர் படகுகள் பரவின. இதை ஒரு வீழ்ச்சியாக நான் சொல்ல வரவில்லை. முல்லைத்தீவில் சோழகம் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. வெளியே போவது சுகம், திரும்பி வருவதுதான் பாடு. எஞ்சின் ஆட்களை வேளைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது, உயிரையும் காப்பாற்றியது. பாயும் கூடவே இருந்திருக்கலாம் என்பதுதான் என் கவலை. எஞ்சின் நின்றால் அதே சோழகம் படகை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

எரிபொருள் இல்லாமல் போவது இங்கே 2022இல் தொடங்கிய விஷயமும் இல்லை. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்க, வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். கடலுக்குப் போகவும் ஆயிரம் கட்டுப்பாடு.

அந்தக் காலத்தில்தான் கிளாலி. ஆனையிறவில் முகாம். 1991இல் பூநகரியிலும் இராணுவம் முகாமிட, சங்குப்பிட்டி–கேரதீவு பாதைச் சேவையும் நின்றது. யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் இணைக்கக் கடனீரேரிதான் மிஞ்சியது. இரவில், வெளிச்சமில்லாமல், ஒரு எஞ்சின் படகு பல படகுகளைக் கயிற்றில் தொடுத்து இழுத்துப் போகும். நோயாளிகள், மாணவர்கள், கைக்குழந்தைகள் எல்லாரும் அதில். 1993 ஜனவரி 2ஆம் திகதி கடற்படை தாக்கியதில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் படகுகள் ஓடின. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இந்தத் தண்ணீரைத் தாண்டி வன்னிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. இப்ப பஸ்ஸில பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறோம்.

கிளாலியில் சனத்தைக் கரை சேர்த்தது எஞ்சின் மட்டுமில்லை. இருட்டில் ஆழம் தெரிந்த, காற்றின் திசையைக் கன்னத்தில் உணர்ந்த ஓட்டிகளும்தான். அவர்கள் பழைய கடலறிவின் கடைசி வரிசை. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. அதற்குப் பிறகு 2009. இரண்டு தடவையும் முல்லைத்தீவு ஆட்களையும் இழந்தது, படகுகளையும் இழந்தது. உதவியாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகும் எஞ்சினும். தண்டையலை யாராலும் நிவாரணமாகக் கொடுக்க முடியாதே.

கரையில் மிஞ்சிய ஒரு அமைப்பு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். ஊருக்கு ஊர் சங்கம், அவற்றுக்கு மேலே சமாசம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தங்கட தொழிலுக்கு நடுவில் நேரம் ஒதுக்குகிற ஆட்கள். படகு ஒன்று திரும்பாவிட்டால் தேடப் போவது, எரிபொருளுக்குக் கடிதம் எழுதுவது, அத்துமீறிய தொழிலுக்கு எதிராக வீதியில் இருப்பது எல்லாம் அவர்கள்தான். ஊதியமில்லாத உழைப்பில்தான் இந்தக் கரை நிற்கிறது.

அதனால் எனக்கொரு ஆசை. ஒரு சங்கத்தின் நிழலில் ஒரு பாய்ப்படகுக் கழகம். பெரிய செலவு வேண்டாம். இரண்டு படகு, இரண்டு பாய், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. பங்குனி, சித்திரையில் நீச்சலும் துடுப்பும். சோழகம் தொடங்கினால் ஆழமில்லாத தண்ணீரில் பாய், அதுவும் காற்று உரக்க முதல் காலையில். புரட்டாசிக்குப் பிறகு படகைக் கரையேற்றி, வாடை முழுக்கப் பாய் தைப்பது, கயிறு பின்னுவது, கணக்குப் பார்ப்பது, வயதானவர்களிடம் காற்றுகளின் பெயரைக் கேட்டு எழுதுவது. ஆம்பிளைப் பிள்ளைகள் மட்டும் எண்டு தொடங்கினால் பாதிப் பேரை முதல் நாளே இழந்துவிடுவோம். சுனாமியில் நீந்தத் தெரியாமல் போன பெண்களை மறந்துவிட்டு ஒரு கடல் கழகம் நடத்த முடியாது.

எங்கே பழகுவது என்பது லேசான கேள்வியில்லை. நந்திக்கடல் ஆழமில்லாத தண்ணீர், பழக ஏற்றது. ஆனால் அது 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது, அனுமதி வேண்டும். அதைவிட, 2009 மே மாதத்தில் அந்தத் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தவர்கள் இன்னும் அதன் கரையில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அங்கே ஒரு பாய் விரிக்கக்கூடாது. முதல் கூட்டத்தை அவர்களோடுதான் வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் திரும்பவும் நிற்கும். எப்ப எண்டுதான் தெரியாது. அன்றைக்கும் சோழகம் வீசும். அதைக் கேட்டுப் பாய் கட்டத் தெரிந்த பத்துப் பேராவது எங்கட கரையில் இருக்க வேணும்.