ஐரோப்பாவில் வான்வழிச் சீட்டு மலிந்த வரலாறு

வானத்திற்கு வேலியில்லை என்பர். பறவைக்கு அது பொருந்தும். ஆகாய விமானத்திற்குப் பொருந்தாது. ஐரோப்பாவின் வானம் நெடுங்காலம் வேலிகளால் நிறைந்திருந்தது. அவை கண்ணுக்குப் புலப்படாத வேலிகள். ஆயினும் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குப் பறக்க விரும்பிய எளிய மனிதனை எட்ட நிறுத்தும் வலிமை அவற்றுக்கு இருந்தது. இன்று விடுமுறைக்கு அக்கண்டம் செல்வோர் லண்டன், பாரிஸ், ரோம் என மூன்று நான்கு நகரங்களை அளவான செலவில் கண்டு மீள்கின்றனர். இந்த மலிவு எவ்வாறு வந்தது? வந்தபொழுது பயணிக்கு அது எதைக் கொடுத்தது, அவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடை விமானப் பொறியின் வளர்ச்சியில் ஒரு பகுதிதான் உள்ளது; பெரும்பகுதி சட்டத்தின் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றை அறிந்தவர் பயணச் சீட்டைச் சிக்கனமாக வாங்குவர். வாங்கியபின் ஏமாற்றமும் அடையார்.

வானம் உடைமையான கதை

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. ஒரு வழிக் கட்டணம் 21 பவுன். அக்காலத் தொழிலாளி ஒருவர் பல வாரம் உழைத்தாலும் ஈட்ட முடியாத தொகை அது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின்மேல் உள்ள வானம் முழுதும் உரியது என்று வரையறுத்தது. அயல்நாட்டு விமானம் இசைவு பெற்றே நுழைதல் வேண்டும். சிறு சிறு நாடுகள் நெருங்கிக் கிடக்கும் ஐரோப்பாவில் இதன் விளைவு பெரிது. இரண்டு மணி நேரப் பறப்பில் நான்கு அரசுகளின் இசைவு தேவைப்படலாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்களில், 52 நாடுகளின் பேராளர்கள் சிகாகோ நகரில் கூடினர். அமெரிக்கா தடையற்ற போட்டியை விரும்பியது. போரால் நலிந்திருந்த பிரிட்டனோ பங்கீடும் கட்டுப்பாடும் வேண்டும் என்றது. ஒரு நாட்டின்மேல் பறந்து செல்லுதல், எரிபொருளுக்காக இறங்குதல் போன்ற உரிமைகளை வகைப்படுத்திய அம்மாநாடு, எந்த நிறுவனம் எந்த வழியில் பறக்கலாம், என்ன கட்டணம் பெறலாம் என்பவற்றில் பொது முடிவு காணவில்லை. அவை இருநாட்டு ஒப்பந்தங்களுக்கு விடப்பட்டன. 1946-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பெர்முடாத் தீவில் செய்துகொண்ட ஒப்பந்தம் அவற்றுக்கெல்லாம் முன்மாதிரி ஆயிற்று. அதன்படி, 1945-இல் ஹவானாவில் நிறுவப்பெற்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கட்டணத்தை வகுக்கும். அரசாங்கங்கள் அதனை ஏற்கும். சுருங்கச் சொன்னால், விற்பவர் அனைவரும் ஒன்றுகூடி விலையை முடிவுசெய்தனர். அரசுகள் அதற்கு முத்திரையிட்டன.

ஒரே சீட்டு, ஒரே விலை

இந்த ஏற்பாட்டின் கடுமையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1958-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் சிக்கன வகுப்பு ஏற்பட்டது. அவ்வகுப்புப் பயணிக்குச் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது சங்கத்தின் விதி. ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் இறைச்சியும் மீனும் அடுக்கிய, ஒரு வேளை உணவுக்கு ஈடான சாண்ட்விச்சை வழங்கியது. போட்டி நிறுவனங்கள் முறையிட்டன. எது சாண்ட்விச், எது விருந்து என்று ஆராய்ந்த சங்கம் அந்நிறுவனத்துக்கு 20,000 டாலர் அபராதம் விதித்தது. கட்டணத்தைக் குறைத்தல் மட்டுமன்றி, உணவை மிகுத்தலும் அன்று குற்றமாயிற்று!

ஆயினும் அம்முறையில் நன்மையே இல்லை என்று கூறுதல் நடுநிலை ஆகாது. எல்லா நிறுவனங்களும் ஒரே விலைக்கு உடன்பட்டமையால், ஒன்றன் சீட்டை மற்றொன்று ஏற்றுக்கொண்டது. 1947-இல் இதற்கெனக் கணக்குத் தீர்வகம் ஒன்று லண்டனில் தோன்றியது. பயணி ஒரே சீட்டுப் புத்தகத்தில் பல நாட்டு விமானங்களில் ஏறி இறங்கலாம். முழுக் கட்டணம் செலுத்தியவர், புறப்படும் நகருக்கும் சேரும் நகருக்கும் வகுக்கப்பட்ட மைல் அளவுக்குள், வழியில் உள்ள நகரங்களில் கூடுதல் கட்டணமின்றித் தங்கிச் செல்லலாம். மைல் மிகுந்தால் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று கட்டணம் படிப்படியாக ஏறும். ஒரு விமானம் பிந்தி வந்து அடுத்தது தவறினால், அவரைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நிறுவனங்களுடையது. பல நகரப் பயணம் என்பது அன்று எளிது. ஆனால் அது செல்வர்க்கு எளிது.

வேலியில் விழுந்த துளைகள்

வேலியில் முதல் துளையிட்டவருள் ஒருவர் விளாதிமிர் ரேய்ட்ஸ். மாஸ்கோவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1950-ஆம் ஆண்டு மே மாதம், பழைய டகோட்டா விமானம் ஒன்றை முழுமையாக வாடகைக்கு அமர்த்தி, கோர்சிகாத் தீவிலுள்ள கால்விக்குப் பயணிகளை அழைத்துச் சென்றார். விமானக் கட்டணம், கூடாரத்தில் தங்கல், உணவு யாவும் சேர்த்து ஒருவருக்கு 32 பவுன் 10 ஷில்லிங். அன்று தென்பிரான்சின் நீஸ் நகருக்குச் சென்று மீளும் விமானச் சீட்டு மட்டுமே 70 பவுன் அளவில் இருந்தது. அரசாங்கம் அவருக்கு எளிதில் இசைவு தரவில்லை. இறுதியில் ஒரு நிபந்தனையுடன் தந்தது: ஆசிரியரையும் மாணவரையும் மட்டுமே ஏற்றிச் செல்லலாம். ஐரோப்பாவின் மலிவு விமானப் பயண வரலாற்றில் முதல் வரிசையில் அமர்ந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள் என்பது ஆசிரியவுலகம் நினைவிற்கொள்ளத் தக்கது.

இரண்டாவது துளை ஐஸ்லாந்திலிருந்து வந்தது. லோப்ட்லெய்டர் என்னும் அந்நாட்டு நிறுவனம் சங்கத்தில் சேரவில்லை. நியூயார்க்கிலிருந்து ஐஸ்லாந்தின் தலைநகரான ரேக்யவிக் வழியாக லக்சம்பர்க்குக்கு, மெதுவாகச் செல்லும் பழைய விமானங்களில், சங்கக் கட்டணத்தினும் குறைவாக ஆட்களை ஏற்றியது. நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தும் மாணவர் கூட்டம் அதனை நாடியது. இடைவழியில் ஐஸ்லாந்தைக் கண்டு செல்லவும் அது வாய்ப்பளித்தது. ஒரு சீட்டில் இரண்டு நாடு காணும் அவ்வழக்கத்தை ஐஸ்லாந்து விமான நிறுவனம் இன்றும் போற்றி வருகிறது.

மூன்றாமவர் பிரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர். பல்லாண்டு வழக்காடி இசைவு பெற்று, 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனில் பறக்கும் ‘வான்தொடர்வண்டி’யைத் தொடங்கினார். 1982 பிப்ரவரியில் அவருடைய நிறுவனம் நொடித்தது. ஆயினும் மலிந்த சீட்டுக்கு மக்கள் வரிசையில் நிற்பர் என்னும் உண்மையை அவர் உலகுக்குக் காட்டிவிட்டார்.

நீதிமன்றமும் சட்டமும்

துளைகள் பல விழுந்தும் வேலி வீழவில்லை. பிரான்சு நாட்டில், அமைச்சர் ஏற்ற கட்டணத்தினும் குறைத்துச் சீட்டு விற்றமைக்காகப் பயண முகவர் சிலர்மீதும் விமான நிறுவனத்தார் சிலர்மீதும் குற்ற வழக்குத் தொடரப்பெற்றது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. 1957-இல் ரோம் நகரில் கையெழுத்தான ஐரோப்பியப் பொருளாதார உடன்படிக்கையின் போட்டி விதிகள் வான்வழிப் போக்குவரத்துக்கும் பொருந்தும் என்று 1986 ஏப்ரல் 30-இல் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ‘புதிய எல்லைகள்’ என்று பொருள்படும் பெயருடைய பயண முகவர் நிறுவனம் ஒன்றன் பெயரால் அவ்வழக்கு இன்றும் அறியப்படுகிறது. பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

அதன்பின் மூன்று படிகளில் சட்டம் மாறியது. 1987-லும் 1990-லும் கட்டணக் கட்டுகள் தளர்ந்தன. 1992-இல் இயற்றப்பட்டு 1993 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மூன்றாம் தொகுதி, ஐரோப்பிய நிறுவனம் எதுவும் உறுப்பு நாடுகளுக்கிடையே எவ்வழியிலும் பறக்கலாம். கட்டணத்தைத் தானே வகுக்கலாம் என்றது. 1997 ஏப்ரல் முதல் பிறநாட்டின் உள்நாட்டு வழிகளும் திறக்கப்பட்டன. அயர்லாந்து நிறுவனம் ஒன்று இத்தாலியின் இரு நகரங்களுக்கிடையே ஆளேற்றலாம் என்பது 1944-இல் சிகாகோவில் கூடியோர் கனவிலும் கருதாதது.

மலிவு வந்த வழி

திறந்த வாயில் வழியே புதியவர்கள் புகுந்தனர். 1985-இல் சிறு விமானத்துடன் தொடங்கிய அயர்லாந்தின் ரயன்ஏர், 1986-இல் டப்ளினுக்கும் லண்டனை அடுத்த லூட்டனுக்கும் இடையே பழைய நிறுவனங்களின் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகச் சீட்டு விற்றது. 1995 நவம்பரில் ஈசிஜெட் லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு 29 பவுனில் பறந்தது. முகவர்க்குத் தரகு கொடாமல் பயணிகளிடம் நேரே விற்பதற்காகத் தன் தொலைபேசி எண்ணை விமானத்தின் உடலிலேயே எழுதியது.

இவர்கள் கையாண்ட முறைகளுள் பல அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தினிடம் கற்றவை. ஒரே வகை விமானத்தை வைத்துக்கொண்டால் விமானிப் பயிற்சியும் உதிரி உறுப்புகளும் மலியும். இறங்கிய விமானத்தை அரைமணிக்குள் மீண்டும் எழுப்பினால், ஒரு நாளில் கூடுதல் பறப்புகள் கிடைக்கும். நகருக்குத் தொலைவிலுள்ள நிலையங்களில் இறங்கும் கட்டணம் குறையும். உணவும் பெட்டியும் தனிவிலைக்கு உரியன ஆகும். முன்னரே வாங்குவோர்க்கு விலை குறைவு; இருக்கைகள் நிரம்ப நிரம்ப விலை ஏறும்.

அறுந்த கண்ணி

மற்றொரு சிக்கனமும் உண்டு. அதுவே பல நகரம் காண விழைவோர் கூர்ந்து நோக்க வேண்டியது. பழைய நிறுவனங்கள் ஒன்றன் சீட்டை ஒன்று ஏற்று, பெட்டியை ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, இணைப்புத் தவறியவரைக் காத்தன. இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. புதியவர்கள் அச்செலவை அடியோடு நீக்கினர். அவர்கள் விற்றது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கான ஒரு பறப்பு, அவ்வளவே. சங்கிலி தனித்தனிக் கண்ணிகளாய்ப் பிரிந்தது. கண்ணிகளின் விலை வீழ்ந்தது. அவற்றைக் கோக்கும் வேலை பயணியின் தலையில் விழுந்தது.

தனித்தனியே வாங்கிய இரு சீட்டுகளில் முதல் விமானம் பிந்தினால், இரண்டாம் நிறுவனம் காத்திராது, பணமும் திருப்பாது. விமானம் பிந்தியோர்க்கு இழப்பீடு வழங்கும் ஐரோப்பியச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் இணைப்பு விமானம் என அது கருதுவது ஒரே பதிவில் அடங்கியவற்றையே. பழங்காலத்துப் பயணி உயர்ந்த விலை கொடுத்துப் பாதுகாப்பையும் சேர்த்து வாங்கினார். இக்காலத்துப் பயணி பாதுகாப்பைக் கழித்துவிட்டுப் பறப்பை மட்டும் வாங்குகிறார். கழித்தது இன்னதென்று தெரிந்து வாங்கினால் அது சிக்கனம். தெரியாமல் வாங்கினால் இடர்.

பல நகரம் காண்போர் கருதத்தக்கவை

வரலாறு கற்பிக்கும் பாடம் இதிலிருந்து எளிதில் விளங்கும். நெடும்பயணத்திற்குப் பழைய முறையும், குறும்பயணத்திற்குப் புதிய முறையும் ஏற்றவை. கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்படுவோர் லண்டனில் இறங்கி லண்டனிலிருந்தே திரும்ப வேண்டுவதில்லை. ஒரு நகரில் இறங்கி வேறொரு நகரிலிருந்து திரும்பும் ஒரே சீட்டைக் கேட்டுப் பெறலாம். அது பெரும்பாலும் இரண்டு ஒருவழிச் சீட்டுகளினும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வந்த வழியே மீளும் செலவும் மிஞ்சும். லண்டனிலிருந்து பாரிசுக்கு, 1994-இல் திறக்கப்பெற்ற கடலடிச் சுரங்கத்தின் வழியே ரயில் செல்கிறது. பாரிசிலிருந்து ரோமுக்கு மலிவு விமானம். ரோமிலிருந்து தாயகம். இவ்வாறு அமைத்தால் தனியே வாங்கிய பறப்பு ஒன்றே. அதனை நெடும்பயணம் புறப்படும் நாளில் வையாமல் சில நாள் முந்தி வைத்தால், அது பிந்தினும் பெருந்தீங்கில்லை.

விலையை ஒப்பிடும்பொழுது சீட்டின் எண்ணை மட்டும் நோக்குதல் கூடாது. பெட்டிக் கட்டணத்தையும் நிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பாரிசின் பெயரால் விற்கப்படும் பொவே நிலையம் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவு. பிராங்க்பர்ட்டின் பெயரால் விற்கப்பட்ட ஹான் நிலையமோ 120 கிலோமீட்டர். ‘மலிவு’ என்ற சொல் இறுதிக் கூட்டலுக்குப் பின்னரே உண்மையாகும்.

இந்த மலிவு சட்டத்தின் மேல் நிற்பது என்பதையும் மறத்தலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகப் பிரிட்டன் முடிவு செய்தபொழுது, ஈசிஜெட் தன் பறக்கும் உரிமைகளை இழவாதிருக்க 2017-இல் ஆஸ்திரியாவில் ஒரு கிளை நிறுவனம் அமைத்தது. விமானமும் விமானியும் மாறவில்லை, பதிவேடு மாறியது. வானத்தின் வேலிகள் நீக்கப்பட்டவையேயன்றி, இல்லாமற் போனவை அல்ல.

1950-இல் கோர்சிகாத் தீவின் வெயிலில் இறங்கிய அந்த ஆசிரியர்கள் தங்களை வரலாற்று மாந்தர் என்று கருதியிருக்கமாட்டார்கள். பள்ளி விடுமுறையில், எட்டும் செலவில், கடலுக்கப்பால் ஓர் ஊரைக் காண விரும்பினர், அவ்வளவே. அந்த எளிய விருப்பத்திற்கு இடம் கொடுக்க அரசுகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் தேவைப்பட்டது. இடம் கிடைத்துவிட்ட இந்நாளில், அதனைக் கணக்கறிந்து பயன்படுத்துவது பயணியின் கடமை.