கயிறு கட்டிய அட்டைப்பெட்டி

பத்திரிகையாளர் பென் பாக்டிகியனைப் போன வாரம் பெர்க்லி பல்கலைக்கழக வகுப்பறை வாசலில் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் உள்ளே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வழியில் ஓர் அட்டைப்பெட்டி குறுக்கே கிடக்கிறது. தாண்டிப்போக மனமில்லை.

1971 ஜூன். வியட்நாம் போர் பற்றிய அரசு ரகசிய ஆவணங்களை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸின் வாயைக் கோர்ட்டு கட்டியிருந்தது. வாஷிங்டன் போஸ்ட்டில் இருந்த பாக்டிகியனுக்கு, அந்த ஆவணங்களைக் கசியவிட்ட எல்ஸ்பெர்க்கிடமிருந்து அழைப்பு: பெரிய பெட்டியோடு வரவும். போனார். வியட்நாம் ரகசியங்கள் 4,000 பக்கத்துக்கு மேல்! கொண்டுபோன பெட்டி போதவில்லை. அட்டைப்பெட்டியில் திணித்து, தங்கிய மோட்டலிலேயே ஒரு கயிறு தேடி வாங்கிக் கட்டினார். விமானத்தில் முதல் வகுப்பு டிக்கெட் இரண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று பெட்டிக்கு!

நேரே ஆசிரியர் பிராட்லியின் வீடு. வாசலில் பிராட்லியின் சின்ன மகள் எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருக்கிறாள். உள்ளே வக்கீல்களுக்கு வியர்க்கிறது. போஸ்ட் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்த வாரம் அது. 'இப்போது போய் வம்பா?' என்பது அவர்கள் கட்சி. பிரசுரிக்கும் உரிமையைக் காப்பாற்ற ஒரே வழி பிரசுரிப்பதுதான் என்று அடித்துச் சொன்னார் பாக்டிகியன். முதலாளி கேதரின் கிரகாம் போனில் சம்மதித்தார். ஜூன் 18 இதழில் செய்தி வந்தது.

பின்னாளில் சினிமா எடுத்தபோது கதாநாயகன் பிராட்லிதான். நான் பெட்டி தூக்கியவர் கட்சி.

அவரே ஒருகாலத்தில் தூக்கிச் சுமக்கப்பட்டவர். 1920இல் இன்றைய துருக்கியின் மராஷ் நகரிலிருந்து ஆர்மீனியக் குடும்பங்கள் உயிர் தப்பி மலையேறின. பிறந்து சில நாளே ஆன பென், பனியில் விழுந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழுதுதான் உயிரோடு இருப்பதையே தெரிவித்தது.

அந்த ஜூன் இரவைப் பற்றி எனக்கொரு நினைப்பு உண்டு. அத்தனை பேர் கத்தியும் செய்தி தொங்கியது முதலாளியின் ஒரு 'சரி'யில். அம்மையார் 'வேண்டாம்' என்றிருந்தால்? 1976இல் பெர்க்லியில் பேராசிரியரான பாக்டிகியன், 1983இல் இப்படிச் 'சரி' சொல்லும் முதலாளிகளையே எண்ணி ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்க ஊடகத்தில் பெரும்பகுதி 50 கம்பெனிகளின் கையில் என்றார்.

பக்கம் முடிந்துவிட்டது. வகுப்பறை அடுத்த வாரம், பெட்டியை இறக்கிவைத்துவிட்டேன்.

(தொடரும்)