பல்லி என்று சொல்லிவிட்டேன்

போன மழைக்காலத்தில் மர்பி டவுன் வீட்டில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, மேக்பெத் நாடகத்துல சூனியக்காரிங்க கொப்பரையில போடுறாங்களே நியூட், அது என்ன?" "பல்லிம்மா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவள், "தப்பு தாத்தா, அது தவளைக்குத்தான் சொந்தமாம்" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. பிறகு தேடிப் படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நீர்நில வாழ்வனவற்றில் மூன்று கிளைகள் உண்டு. தவளையும் தேரையும் வளர்ந்தபின் வால் இல்லாதவை. மண்ணுக்குள் மண்புழு போல் வாழும் சிசிலியன்கள் கால் இல்லாதவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவை உண்டு. வாலும் காலும் உள்ளவை சாலமாண்டர்கள். அவற்றில் ஒரு பிரிவுதான் நியூட். பல்லிக்குச் செதில் உண்டு, இதற்குக் கிடையாது. இதன் குஞ்சு தண்ணீரில் செவுளால் மூச்சு விட்டு வளரும்.

தென்னாட்டில் நியூட் இல்லை. இந்தியாவில் கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜான் ஆண்டர்சன், 1868இல் சீனத்து யுன்னானுக்குப் போன பயணக்குழுவில் இருந்தவர். அங்கே கிடைத்த நியூட்டுக்கு 1871இல் 'டைலோடோட்ரைடான் வெருகோசஸ்' என்று பெயரிட்டார். டார்ஜிலிங் குளங்களில் இருந்ததையும் நெடுங்காலம் அதே பெயரால்தான் அழைத்தார்கள். 2015இல்தான் கிழக்கு நேபாளத்து நியூட்டை ஆராய்ந்தவர்கள், இமயத்து இனம் வேறு என்று கண்டு 'ஹிமாலயானஸ்' என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். டார்ஜிலிங் அருகே ஜோர்பொக்ரியில் இதற்காகவே 1985இல் ஒரு சரணாலயம் அமைந்தது. பரப்பு 0.04 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 10 ஏக்கர். நம்ம அல்சூர் ஏரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

சரியான பெயர் தெரிந்தால்தான் எதைக் காப்பது என்பது தெரியும். நாங்கள் குடியிருக்கும் இடமே முன்பு நாக்ஸ்பேட்டை. பிறகுதான் என்ஜினீயர் மர்பியின் பெயரைப் பெற்றது. பெங்களூரை ஒட்டிய ராஜானுகுண்டேயில் கிடைத்த வளைதோண்டித் தவளை ஒன்றுக்கு, 2020இல் 'ஸ்பீரோதீகா பெங்களூரு' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அதுவரை அது பெயரில்லாமல் நம் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு 'ஃப்ராக்' தெரியும், கன்னடத்துக் 'கப்பே'யும் தெரியும். தேரை, தலைப்பிரட்டை என்றால் முழிக்கிறார்கள். அன்பர்களே, அடுத்த மழையில் அவர்களை ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய்த் தமிழில் பெயர் சொல்லிக் காட்டுங்கள். தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்றே சொல்லுங்கள். என்னைப் போல் பல்லி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.